பவர் பொத்தானை அழுத்தினால் சானல் மாறிய வி.சி.ஆர்.

எங்கள் வீட்டு வி.சி.ஆரில் (வீடியோ கேசட்டுகளில் பதிவு செய்யவும் அவற்றை ஓட்டவும் உதவும் கருவி) பவர் பொத்தானை அழுத்தியபோது, கருவி அணைவதற்குப் பதிலாகச் சானல் எண் ஒன்று கூடியது. விரல் தவறிப் பக்கத்துப் பொத்தானில் பட்டிருக்கும் என்று நினைத்து, மறுபடியும் கவனமாக நடுவில் விரல் வைத்து அழுத்தினேன். முகப்பில் 4 என்றிருந்த எண் 5 ஆயிற்று, கருவி அணையவில்லை. மூன்றாவது அழுத்தலில் அணைந்தது. மறுநாள் அதே பொத்தானைப் பத்து முறைக்கு மேல் அழுத்தியும் கருவி விழிக்கவில்லை. அடுத்த வாரம், ஒரு கேசட் ஓடிக்கொண்டிருக்கையில் அணைக்க முயன்றபோது, படம் மறைவதற்குப் பதிலாக அதன் கீழ்ப்பகுதியில் வெள்ளைப் புள்ளிகள் மொய்த்த ஒரு பட்டை தோன்றியது. நாடாவிலிருந்து படத்தைப் படிக்கும் வீடியோ ஹெட் தேய்ந்துவிட்டது என்றே அன்று முடிவு செய்தேன். இவை மூன்று கோளாறுகள் அல்ல, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரே சுவிட்சின் ஒரே கோளாறு என்பது எனக்குப் புரிய ஏறத்தாழ ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதத்தில் செய்தவற்றையும், செய்யாமல் இருந்திருக்க வேண்டியவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தக் கருவியை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அலமாரியில் 38 வி.எச்.எஸ். கேசட்டுகள் இருக்கின்றன, அவற்றில் பாதிக்கு மேல் குடும்பத்தில் எடுத்த பதிவுகள், சிலவற்றில் இன்று நம்மோடு இல்லாதவர்களின் குரல்கள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் இந்தத் தொல்லை தொடங்கியது. புதிய வி.சி.ஆர். வாங்கிவிடலாம் என்ற வழியும் இல்லை. 1976இல் ஜே.வி.சி. நிறுவனம் தொடங்கி வைத்த வி.எச்.எஸ். முறைக்கான கருவிகளைக் கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இனி இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதுதான் வழி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தொடக்க கால வி.சி.ஆர்.களில் பியானோவின் கட்டைகளைப் போன்ற கனமான விசைகள் இருந்தன. அவற்றை அழுத்தும் விரலின் பலமே உள்ளிருக்கும் இயந்திரத்தை நகர்த்தியது. பின்னால் வந்த கருவிகளில் மென்மையாகத் தொட்டால் போதும் என்ற பொத்தான்கள் வந்தன. இவ்வகைக் கருவியில் பவர் பொத்தான் மின்சாரத்தைத் துண்டிப்பதும் இல்லை, இணைப்பதும் இல்லை. கடிகாரம் ஓட வேண்டும், குறித்து வைத்த நேரத்தில் பதிவு தொடங்க வேண்டும், ரிமோட்டின் குரலுக்குக் காது கொடுக்க வேண்டும் என்பதால், பிளக் செருகியிருக்கும்வரை கருவியின் ஒரு பகுதி எப்போதும் விழித்தே இருக்கிறது. பொத்தான் அந்தப் பகுதியிலுள்ள மைக்ரோகன்ட்ரோலர் என்னும் கட்டுப்பாட்டுச் சிப்பிடம் ஒரு வேண்டுகோளை வைக்கிறது, அவ்வளவுதான். அந்த வேண்டுகோள் தெளிவாகப் போய்ச் சேரவில்லையென்றால் கருவி பேசாமல் இருக்கும். தவறாகப் போய்ச் சேர்ந்தால் வேறு எதையோ செய்யும். இதை நான் முதல் நாளே யோசித்திருந்தால் ஹெட்டைச் சந்தேகித்திருக்க மாட்டேன்.

பழைய கருவி ஒன்று விழிக்கவில்லை என்றால் பலரும் பவர் சப்ளையைத்தான் முதலில் நினைப்பார்கள். அது நியாயமான சந்தேகமே. அங்குள்ள, மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலைடிக் கெபாசிட்டர்கள் வயதாக ஆக உலர்ந்து கொள்ளளவை இழக்கும், அப்போது கருவி உயிரற்றதுபோல் கிடக்கும். ஆனால் திறந்து பார்க்காமலேயே இதை ஓரளவு பிரித்தறிய முடியும். என் கருவியில் கடிகாரத்தின் எண்கள் மங்காமல் ஒளிர்ந்தன. ஆகவே காத்திருப்பு நிலைக்கான மின்சாரம் சரியாக இருந்தது. முக்கியமில்லாத ஒரு கேசட்டை வாயில் வைத்து மெல்லத் தள்ளினேன், பல வி.சி.ஆர்.களைப் போலவே இதுவும் கேசட் உள்ளே போனதும் தானாக விழித்துக்கொண்டது, ஓட்டியது, சுற்றியது, வெளியே தள்ளியது. நண்பர் ஒருவரிடமிருந்து பொதுப்பயன் ரிமோட் ஒன்றை ஒரு நாளைக்கு வாங்கி வந்து சோதித்தபோது, அதிலிருந்து இருபது முறை அணைத்து இருபது முறை விழிக்கவைத்தேன், ஒருமுறைகூடத் தவறவில்லை. ரிமோட்டுக்குப் பணிந்து முகப்புப் பொத்தானுக்கு மட்டும் பணியாத கருவியில் பவர் சப்ளையைத் தேடுவது வீண் வேலை. கோளாறு பொத்தான்களின் சுவிட்சுகளைத் தாங்கும் முகப்பு மின்சுற்றுப் பலகையிலோ அதிலிருந்து வரும் இணைப்பிலோதான் இருக்க வேண்டும்.

விழித்த சில விநாடிகளில் தானே அணைந்துபோகும் கருவி இதிலிருந்து வேறுபட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே பொத்தான் தன் வேலையைச் செய்துவிட்டது. ஹெட்டைத் தாங்கும் டிரம்மோ நாடாவைச் சுற்றும் ரீலோ சுழலவில்லை என்றோ, இயந்திரத்தின் நிலையைச் சொல்லும் மோட் சுவிட்ச் தவறான தகவல் தருகிறது என்றோ கண்டு, நாடாவைக் காப்பதற்காக மைக்ரோகன்ட்ரோலரே அணைத்துவிடுகிறது. அதற்குப் பவர் பொத்தானை மாற்றிப் பயனில்லை.

மேல்மூடியைக் கழற்றுவதற்கு முன் பிளக்கை உருவி அரைமணி நேரம் காத்திருந்தேன். அது போதும் என்று நம்பிவிடவும் இல்லை. என் கருவியில் இருப்பது ஸ்விட்ச்மோட் வகைப் பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரம் அதன் முதன்மைக் கெபாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாகத் தேங்குகிறது. பிளக்கை உருவிய பிறகும் அது அங்கே தங்கியிருக்கக்கூடும், உயிரைப் பறிக்கவும் கூடும். சிலர் ஸ்க்ரூடிரைவரால் இரு முனைகளையும் குறுக்கிட்டு வெடிக்கவைப்பதைப் பார்த்திருக்கிறேன். அது கெபாசிட்டருக்கும் கண்ணுக்கும் கேடு. நான் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்றின் இரு கால்களிலும் நன்கு உறையிட்ட கம்பிகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் அதன் வழியாக ஐந்தாறு விநாடிகளில் வடிந்துவிடும். அப்படி வடித்து, மல்டிமீட்டரில் 2 வோல்ட்டுக்கும் கீழே காட்டிய பிறகே கையை உள்ளே விட்டேன். வேலை முகப்புப் பலகையில்தானே என்று இந்தப் படியைத் தாண்டிவிடக் கூடாது. கருவியைத் திருப்பிப் பிடிக்கும்போது விரல்கள் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முகப்பைக் கழற்றுவதுதான் இந்த வேலையில் மிகவும் பொறுமை வேண்டிய இடம் என்று எனக்குத் தோன்றுகிறது. என் கருவியில் அதை மேலே மூன்றும் கீழே மூன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக எட்டுப் பிளாஸ்டிக் கொக்கிகள் பிடித்திருந்தன. பல ஆண்டுகள் உள்வெப்பத்தில் கிடந்த பிளாஸ்டிக், புதிதில் இருந்ததுபோல் வளையாது, உடையும். உலோகக் கருவி எதையும் கொண்டு நெம்பாமல், பழைய பிளாஸ்டிக் அட்டைகளை ஒவ்வொரு கொக்கியாக விடுவித்து இடையில் செருகிக்கொண்டே போனேன். இல்லையென்றால் நான்காவதை விடுவிக்கும்போது முதலாவது மறுபடியும் மாட்டிக்கொள்ளும். கேசட் வாயின் சிறு கதவும் அதன் மெல்லிய சுருள்வில்லும் எங்கே எப்படி நிற்கின்றன என்று படம் எடுத்துக்கொண்டேன். இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கொக்கி முறிந்துபோனது. மற்ற ஏழும் முகப்பைத் தாங்குகின்றன என்றாலும், அதை நினைக்கும்போது இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

பலகையை வெளியே எடுத்ததும் முதலில் பார்த்தது சால்டர் (ஈயப் பற்று) இணைப்புகளைத்தான். ஒவ்வொரு அழுத்தலிலும் பலகை மயிரிழை அளவு வளைகிறது. அப்படி ஆண்டுக்கணக்கில் வளைந்தால் சுவிட்சின் கால்களைச் சுற்றி வளையம் போன்ற விரிசல் விழுவது மிகச் சாதாரணம். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது பவர் சுவிட்சின் ஒரு கால் மங்கலாகத் தெரிந்தது. நான்கு கால்களுக்கும் புதிய சால்டர் வைத்தேன். எந்த மாற்றமும் இல்லை. ஆனாலும் அதைச் செய்தது நல்லதுதான்; பழைய கருவிகள் சிலவற்றுக்கு அந்த இரண்டு நிமிட வேலையே போதுமானதாக இருக்கும்.

அடுத்துப் பலகையின் இணைப்பை முழுவதுமாக உருவிவிட்டு, சுவிட்சின் இரு முனைகளில் மல்டிமீட்டரின் ஊசிகளை வைத்து அழுத்திப் பார்த்தேன். முதல் அழுத்தலில் 1,400 ஓம். இரண்டாவதில் 700. மூன்றாவதில் 60 ஆயிரத்தைத் தொட்டு ஆடிக்கொண்டே இருந்தது. நகம் வெளுக்க அழுத்தியபோது 60 ஓம். பக்கத்திலிருந்த சானல் பொத்தானின் சுவிட்சை அதேபோல் அளந்தபோது ஒவ்வொரு முறையும் ஒரு ஓமுக்கும் குறைவாகவே காட்டியது. கோளாறு எங்கே என்பது இப்போது உறுதியாயிற்று. ஆனால் பவரை அழுத்தினால் சானல் ஏன் மாறுகிறது என்பதற்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

அந்த விடை பலகையின் பின்புறத்தில் இருந்தது. ஏழு பொத்தான்கள் இருந்தும் அவற்றிலிருந்து மைக்ரோகன்ட்ரோலருக்குப் போனது ஒரே ஒரு கம்பிதான். அந்தக் கம்பி 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டுடன் சேர்க்கப்பட்டிருந்தது. பவர் பொத்தான் அதை நேரே தரையிணைப்புக்கு இழுக்கிறது. சானல் உயர்த்தும் பொத்தான் 1.2 கிலோ ஓம் வழியாக இழுக்கிறது. அடுத்தது இன்னும் கூடுதலான மின்தடை வழியாக. ஏணியின் படிகளைப் போல ஒவ்வொரு பொத்தானும் ஒவ்வொரு அளவு வோல்ட்டை உண்டாக்க, அந்த அளவைப் பார்த்தே எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்று மைக்ரோகன்ட்ரோலர் கண்டுகொள்கிறது. பவர் என்றால் பூஜ்யம் வோல்ட். சானல் என்றால் 1.2ஐ 11.2ஆல் வகுத்து 5ஆல் பெருக்கினால் கிடைக்கும் 0.54 வோல்ட். பவர் சுவிட்சே 1,400 ஓம் மின்தடையைத் தனக்குள் வளர்த்துக்கொண்டால் கம்பியில் 0.61 வோல்ட் நிற்கும். 700 ஓம் என்றால் 0.33. இரண்டுமே பூஜ்யத்தைவிடச் சானலின் அளவுக்குத்தான் அருகில் இருக்கின்றன. 60 ஆயிரம் ஓம் என்றால் 4.3 வோல்ட்; யாரும் எதையும் தொடவில்லை என்று பொருள். நகம் வெளுக்க அழுத்தினால் மட்டும் 0.03 வோல்ட், அப்போதுதான் பவர் என்று புரிந்தது.

எனக்கு நிம்மதி தந்த நேரம் அதுதான். மைக்ரோகன்ட்ரோலர் ஒரு தவறும் செய்யவில்லை. தனக்கு வந்த வோல்ட்டை அது நேர்மையாகப் படித்தது. கருவி விழித்திருக்கையில் பவரை அழுத்தினால் சானல் உயர்ந்தது. உறங்குகையில் சானல் பொத்தானுக்கு வேலை இல்லையாதலால் அதே தவறான வோல்ட் எதையும் செய்யாமல் போனது. எனக்கு அது பொத்தான் செத்துவிட்டதுபோல் தோன்றியது. கேசட் ஓடும்போது என் கருவியில் சானல் பொத்தான்கள் டிராக்கிங்கை, அதாவது நாடாவின் பதிவுத் தடத்தோடு ஹெட் பொருந்தும் நிலையை, சரிசெய்யும் பொத்தான்களாக மாறிவிடுகின்றன. ஆகவே அணைக்க எண்ணி நான் அழுத்திய ஒவ்வொரு அழுத்தலும் டிராக்கிங்கை ஒரு படி தள்ளிவைத்து, படத்தில் அந்த வெள்ளைப் பட்டையைக் கொண்டுவந்தது. தேயாத ஹெட்டைத் தேய்ந்ததென்று நம்பி ஆல்கஹால் நனைத்த துணியோடு டிரம்மை அணுக இருந்தேனே என்று நினைத்தால் இன்றும் பதறுகிறது. ஹெட்டின் நுனி அவ்வளவு நொறுங்கும் தன்மையுடையது. மேலும் கீழுமாக ஒரு தேய்ப்பு போதும், அதன் ஆயுள் முடிந்துவிடும்.

நன்றாக இருந்த சுவிட்ச் ஏன் இப்படி ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழுதுபார்க்கும் முறை அதைப் பொறுத்தே அமைகிறது. இது டேக்ட் சுவிட்ச் எனப்படும் வகை. உள்ளே கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கிறது. அழுத்தினால் அது 'டிக்' என்று குழிந்து நடுவிலிருக்கும் முனையைத் தொடும், விட்டால் நிமிரும். தொடும் இடத்தில் பொதுவாக வெள்ளிப் பூச்சு இருக்கும். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைக் கறுக்கச் செய்கின்றன. வெள்ளிக் கொலுசு கறுப்பதும் இதனால்தான். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பரும் வெள்ளியைக் கறுக்கவைக்கும், வி.சி.ஆருக்குள் பெல்ட்டாகவும் உருளையாகவும் ரப்பருக்குக் குறைவில்லை.

கறுப்புப் படலம் எல்லாச் சுவிட்சுகளிலும்தான் படிகிறது. ஆனால் வீட்டு விளக்கின் சுவிட்ச் இப்படித் தடுமாறுவதில்லை. அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கிறது. தொடும் கணத்திலும் பிரியும் கணத்திலும் எழும் சிறு தீப்பொறி அந்தப் படலத்தை எரித்துவிடுகிறது. என் வி.சி.ஆரின் பவர் சுவிட்ச் வழியே ஓடுவது 5 வோல்ட்டில் அரை மில்லி ஆம்பியர். படலத்தைத் துளைக்க அதற்குத் திராணி இல்லை. ஆண்டுதோறும் படலம் தடிப்பாகிக்கொண்டே போக, ஒரு நாள் அது ஒரு ரெசிஸ்டராகவே ஆகிவிடுகிறது. குறைவான மின்சாரம் ஓடுவதால் நீண்ட நாள் உழைக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். இங்கே மிகக் குறைவாக ஓடுவதே சுவிட்சுக்கு எதிரியாகிறது.

சில பழைய கருவிகளில், முக்கியமாகப் பிக்சர் டியூப் மானிட்டர்களில், பவர் பொத்தான் மெய்யாகவே சுவரின் மின்சாரத்தைத் துண்டிக்கும் வகையாக இருக்கும். அழுத்தினால் உள்ளே நின்றுவிடும், மறுபடி அழுத்தினால் வெளியே வரும். அதன் கோளாறு இதற்கு நேர்மாறானது: ஒவ்வொரு முறையும் கெபாசிட்டர்கள் நிரம்பப் பாயும் மின்சாரத்தில் முனைகள் எரிந்து குழிவிழும், அல்லது பொத்தானைப் பிடித்து நிறுத்தும் சிறு கொக்கி தேய்ந்து, விரலை எடுத்ததும் பொத்தான் வெளியே வந்துவிடும். அதற்கு அதே வோல்ட்டும் ஆம்பியரும் அச்சிட்ட, இரண்டு கம்பிகளையும் ஒருசேரத் துண்டிக்கும் சுவிட்சைத்தான் போட வேண்டும். பொருந்துகிறது என்பதற்காக வேறொன்றைப் போடக் கூடாது.

என் சுவிட்சுக்குத் திரும்புகிறேன். முதல் முயற்சியாகக் கான்டாக்ட் கிளீனர் திரவத்தை ஊசிமுனை அளவுக்கு அதன் தலையோரத்தில் விட்டு, ஐம்பது அறுபது முறை அழுத்தினேன். அளவு 2 ஓமுக்கு இறங்கியது. மகிழ்ச்சியோடு எல்லாவற்றையும் மூடிவிட்டேன். சரியாகப் பத்தொன்பது நாள்கள் ஒழுங்காக வேலை செய்தது. இருபதாம் நாள் சானல் மறுபடியும் ஒன்று கூடியது. இப்போது யோசித்தால் இது எதிர்பார்க்க வேண்டியதே. திரவம் அழுக்கைக் கரைத்தது, ஆனால் வெளியேற்றவில்லை. மூடிய பெட்டிக்குள் அது வேறிடத்தில் படிந்தது. வெள்ளிப் பூச்சு தேய்ந்துபோன இடத்தைத் திரவத்தால் திரும்பப் பூசவும் முடியாது. கோளாறு சுவிட்சில்தானா என்று சோதிப்பதற்குக் கிளீனர் நல்ல வழி. பழுது நீங்கிவிட்டது என்று அதை நம்பியதுதான் என் பிழை. தெளிப்பான் குப்பியைக் கொண்டு கருவிக்குள் பொதுவாகத் தெளிப்பதோ அதைவிடத் தீங்கு. டிரம்மிலும் ரப்பரிலும் நாடா செல்லும் பாதையிலும் அந்த எண்ணெய்ப் பசை போய் ஒட்டிக்கொள்ளும்.

மாற்று சுவிட்ச் கிடைப்பது கடினமில்லை. 6 மில்லிமீட்டர் சதுர உடலுடைய நான்கு கால் டேக்ட் சுவிட்ச் இன்றும் எங்கும் புழக்கத்தில் உள்ள பொருள். கவனிக்க வேண்டியது உயரம். பலகையிலிருந்து தலையின் நுனிவரை அளந்தால் 4.3, 5, 7 மில்லிமீட்டர் என்று பல அளவுகளில் அவை வருகின்றன. வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். வெர்னியர் அளவுகோலில் என் பழைய சுவிட்ச் 4.3 காட்டியது, கையிலிருந்தது 5. முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லையே என்று அதையே போட்டுப் பார்த்தேன். முகப்பை மாட்டியதும் பிளாஸ்டிக் பொத்தான் அதை நிரந்தரமாக அழுத்திக்கொண்டு நின்றது. பூஜ்யம் வோல்ட் கம்பியில் நிலைத்துவிட்டதால் மற்ற ஆறு பொத்தான்களும் வேலை செய்யவில்லை. மறுபடியும் கொக்கிகள், மறுபடியும் பிளாஸ்டிக் அட்டைகள். 4.3 வந்து சேரும்வரை காத்திருந்தேன்.

கால்களைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. நான்கு கால்கள் இருந்தாலும் இணைப்புகள் இரண்டுதான். உடலின் குறுக்கே எதிரெதிராக நிற்கும் இரண்டு கால்கள் உள்ளுக்குள் எப்போதும் ஒன்று. ஒரு பக்கம் மட்டும் செம்புப் பாதை உள்ள பலகைகளில், இந்த உள்ளிணைப்பையே பாலமாகப் பயன்படுத்தி, சுவிட்சின் அடியே பாதையை அக்கரைக்குக் கடத்தியிருப்பார்கள். என் பலகையிலும் அப்படித்தான் இருந்தது: பவர் சுவிட்சைக் கழற்றியதும் அதற்கு அப்பாலிருந்த மூன்று பொத்தான்கள் தரையிணைப்பை இழந்தன. இரண்டு கால் சுவிட்சைப் போட்டிருந்தால், பவர் சரியாகி வேறு மூன்று பொத்தான்கள் செத்துப்போயிருக்கும். ஆகவே நான்கு கால்களுக்கும் சால்டர் வைப்பதைத் தவிர்க்கக் கூடாது.

பழையதை எடுக்கும்போது, உலர்ந்த பழைய சால்டரின் மேல் கொஞ்சம் புதிய சால்டரை முதலில் சேர்த்தேன். அது பழையதையும் சேர்த்து இளக்கிவிடும். 330 டிகிரி வெப்பத்தில், ஒரு காலுக்கு மூன்று விநாடிக்கு மேல் முனையை வைக்காமல், செம்பு வலைத்திரியால் உறிஞ்சி எடுத்தேன். ஒரு கால் வர மறுத்தபோது இழுக்கவில்லை. இழுத்திருந்தால் பழுப்பு நிறப் பழைய பலகையிலிருந்து செம்பு வட்டமே பிய்ந்து வந்திருக்கும். ஆறவிட்டு, மறுபடி சால்டர் சேர்த்து, மறுபடி உறிஞ்சினேன். மூன்றாம் முறை சுவிட்ச் தன் எடையாலேயே கீழே விழுந்தது. புதியதை வைத்து, அது பலகையோடு இடைவெளியின்றி அமர்ந்திருக்கிறதா என்று பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு, முதலில் ஒரு காலை மட்டும் பற்றவைத்து, நேராக்கி, பிறகு மற்ற மூன்றையும் பற்றவைத்தேன். அளந்தபோது 0.2 ஓம், அதில் பாதி மல்டிமீட்டர் கம்பிகளுடையதாகவே இருக்கும்.

பழைய சுவிட்சை எறிந்துவிடாமல், அதன் மேல் தகட்டைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் முனைகளைக் கத்தியால் சீவித் திறந்து பார்த்தேன். கிண்ணத் தகட்டின் நடுவில், கடுகளவு இடத்தில், கருநீலமும் கறுப்புமான ஒரு கறை. அதன் நடுவே வெள்ளிப் பூச்சு போய் அடியிலிருந்த மஞ்சள் நிற உலோகம் தெரிந்தது. பதினெட்டு ஆண்டுகளாக நாள்தோறும் இரண்டு முறை என்று கணக்கிட்டால் பதின்மூவாயிரம் அழுத்தல்களைத் தாங்கியிருக்கும். தகடு இன்னும் 'டிக்' என்று அதே தெளிவோடு குழிந்து நிமிர்கிறது. அந்தச் சத்தத்தை நம்பித்தான் சுவிட்ச் நலமாக இருக்கிறது என்று முதல் வாரம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முகப்பை மாட்டி, பிளக்கைச் செருகி, பொத்தானை விரல் நுனியால் மெல்லத் தொட்டேன். கருவி விழித்தது. ஒரு கேசட்டை ஓடவிட்டு, படத்தில் பட்டை எதுவும் இல்லையென்று பார்த்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே பவரை அழுத்தினேன். நாடா டிரம்மிலிருந்து விலகி உள்ளே சுருண்டுகொள்ளும் அந்தப் பழக்கமான ஓசைக்குப் பிறகு கருவி அமைதியாக அணைந்தது. இது நடந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. 38 கேசட்டுகளில் 31 கணினிக்கு மாறிவிட்டன. கேசட்டை வெளியே தள்ளும் பொத்தானின் சுவிட்ச் இப்போது 40 ஓம் காட்டத் தொடங்கியிருக்கிறது. மீதமுள்ள ஏழு கேசட்டுகள் முடிந்ததும் அதையும் மாற்றுவேன். அதற்கான 4.3 மில்லிமீட்டர் சுவிட்சுகள் ஆறினை ஒரு சிறு பையிலிட்டு, உயரத்தை அதன்மேல் எழுதி, அடுத்துத் திறப்பவர் கண்ணில் படும்படி மேல்மூடியின் உட்புறத்தில், காற்றுத் துளைகளை மறைக்காத இடமாகப் பார்த்து ஒட்டிவைத்திருக்கிறேன்.